அழிக்க முடியாத பதிப்பு எண்: ராயபுரத்துக் குழு ஒன்று பிரவுசர் கேம் ஃப்ரேம்வொர்க்கைத் திறமூலமாக வெளியிட்ட நிகழ்வு

## பின்னணி

வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெருவைக் காட்டுவது கடினம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தத் திறமூலமாக விடப்பட்ட, இங்கே பேசப்படும் மென்பொருளும் ராயபுரத்தில் ஒரு கேரம் சங்கத்தைச் சுற்றித்தான் உருவானது.

குழுவில் நால்வர். ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் புரோகிராமர், வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் செய்யும் இன்னொரு புரோகிராமர், படம் வரையும் கல்லூரி மாணவி, சங்கத்தின் செயலாளர். செயலாளருக்குக் கோடு, அதாவது நிரல், எழுதத் தெரியாது. ஆனால் காய் எப்படி ஓடும், எப்படி ஓடாது என்பதில் அவர் சொன்னதே முடிவு.

முதலில் செய்தது, மொபைல் பிரவுசரில் இருவர் ஆடும் கேரம். அடுத்தது பல்லாங்குழி. இரண்டாவது ஆட்டத்துக்காக முதல் கோப்புறையை அப்படியே நகலெடுத்து, வேண்டாததை அழித்துவிட்டு எழுதினார்கள். விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான்: ஒன்றில் சரிசெய்த பிழை மற்றதில் அப்படியே கிடந்தது. ஆகவே கேம் லூப் (ஆட்டத்தை விநாடிக்குப் பல முறை புதுப்பிக்கும் சுற்று), காட்சி மாற்றம், தொடுதிரை உள்ளீடு, ஒலி, வட்டப் பொருள்களுக்கான சிறு இயற்பியல், தமிழ் எழுத்து ஆகிய ஆறு பகுதிகளைத் தனியே பிரித்தார்கள். பல ஆட்டங்களுக்கும் பொதுவான அடித்தளக் கோடாகிய ஃப்ரேம்வொர்க் பிறந்தது அப்படித்தான்.

"ஃபேசர் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?" என்ற கேள்வி குழுவுக்குள்ளேயே எழுந்தது. நியாயமான கேள்வி. பிரவுசர் ஆட்டங்களுக்கான ஃப்ரேம்வொர்க்காகிய ஃபேசர் 2013 முதல், யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. வரைவதற்கு மட்டும் என்றால் பிக்சிஜேஎஸ் போதும். பெரிய ஆட்டம் செய்பவருக்கு அவையே சரி. குழு தனக்கு வைத்துக்கொண்ட எல்லை சிறியது: தமிழ் எழுத்து உடையாமல் திரையில் வரவேண்டும், ஆவணம் தமிழில் இருக்கவேண்டும், பழைய போனில் ஓடவேண்டும். இந்த மூன்றுக்கும் வெளியே வந்த யோசனைகளை ஒதுக்கினார்கள். பின்னால் நடந்ததைப் பார்த்தால், அந்தப் பிடிவாதம்தான் வேலையை முடிக்கவிட்டது.

## இரண்டு பத்திகள்

வெளியீட்டுக்கு முன் செயலாளர் தன் கணக்கு நோட்டில் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்தார். இடப்பக்கம் "அப்புறம் மாத்திக்கலாம்", வலப்பக்கம் "மாத்த முடியாது". ஆவணம், உதாரண ஆட்டங்கள், வெளியீட்டின் பதிப்பு எண், ஃபங்ஷன்களின் பெயர்கள் இடப்பக்கம் போயின. உரிமம், கோடின் பழைய வரலாறு, யாருடைய படம், யாருடைய ஒலி என்பவை வலப்பக்கம். நேரத்தில் பெரும்பகுதியை வலப்பக்கத்துக்கு ஒதுக்குவது என்று முடிவாயிற்று.

நல்ல முறை. ஆனால் இரண்டு உருப்படிகள் தவறான பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன: "என்பிஎம் வெர்ஷன் நம்பர்", "ஃபங்ஷன் பெயர்". என்பிஎம் என்பது ஜாவாஸ்கிரிப்ட் பொட்டலங்களை எல்லோரும் ஏற்றி இறக்கும் பொது இடம்.

## யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி கணினி நிரல் இலக்கியப் படைப்பு வகையில் சேரும். பிரிவு 17(இ): வேலை ஒப்பந்தத்தின்கீழ், வேலையின் போக்கில் உருவாக்கிய படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளியே. ஓஎம்ஆர் புரோகிராமர் ஃப்ரேம்வொர்க்கைச் சொந்த லேப்டாப்பில், இரவில் எழுதியவர். "வேலையின் போக்கில்" என்பதற்குள் அது வராது என்றே அவர் நினைத்தார். அவருடைய நியமன ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தபோது, பணிக்காலத்தில் எழுதும் எந்த மென்பொருளையும் நிறுவனத்திடம் தெரிவிக்கவேண்டும் என்ற வரி இருந்தது.

முன்னால் இருந்த வழிகள் மூன்று: சொல்லாமல் வெளியிடுவது, அவர் எழுதிய தொடுதிரைப் பகுதியை இன்னொருவர் திரும்ப எழுதுவது, எழுத்துமூலம் ஆட்சேபணையின்மை வாங்குவது. முதலாவதைக் குழு எடுத்த எடுப்பிலேயே தள்ளியது. திறமூலத்தில் உரிமைச் சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்வது எழுதியவர் மட்டுமல்ல, அதை வைத்து ஆட்டம் செய்த எல்லோரும். மூன்றாவது வழியில் போனார்கள். ஃப்ரேம்வொர்க் என்ன செய்கிறது, நிறுவனத்தின் தொழிலோடு அதற்கு ஏன் தொடர்பில்லை, எந்த உரிமத்தில் வரப்போகிறது என்று ஒரு பக்கக் கடிதம். பதில் வரும்வரை அந்தப் பகுதியைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து மின்னஞ்சலில் சம்மதம் வந்தது.

மாணவி வரைந்த படங்களிலும், தெரிந்த கானா பாடகர் ஒருவர் தொடக்கத் திரைக்காக வாசித்துக் கொடுத்த தாளத்திலும் வேறு வகைச் சிக்கல். இருவரும் வாட்ஸ்அப்பில் "யூஸ் பண்ணிக்கோங்க" என்று சொன்னதோடு சரி. பிரிவு 19-இன்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். உரிமம் கொடுப்பதற்கும் பிரிவு 30ஏ வழியாக இதே விதிகள் பொருந்தும். உலகில் யாரும் எப்போதும் பயன்படுத்தலாம் என்று வெளியிடும் பொருளுக்கு இது போதாது. "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும், மாற்றவும் விற்கவும் உட்பட" என்று எழுதிய ஒரு தாளில் இருவரும் கையெழுத்திட்டார்கள். பாடகருக்குச் சங்கத்திலிருந்து ஒரு தொகையும் கொடுக்கப்பட்டது. இலவசமாக வெளியிடுகிறோம் என்பதற்காகப் பாடகரும் இலவசமாக வாசிக்கவேண்டும் என்று எந்த உரிமமும் சொல்லவில்லை.

ஸ்ட்ரைக்கர் அடிக்கும் ஒலி ஓர் இலவச ஒலித் தளத்திலிருந்து எடுத்தது. தேடிப் பார்த்தால், வணிகப் பயன்பாடு கூடாது என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். எம்ஐடி கோடோடு அதை ஒரே பொட்டலத்தில் வைத்தால், ஆட்டத்தை விற்க நினைப்பவர் தெரியாமலே மீறுவார். சங்கத்திலேயே புதிதாகப் பதிவு செய்தார்கள். ஃபேனை நிறுத்தி, போர்டுக்குக் கீழே துணி மடித்து வைத்து, போனை மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, மெல்லிய அடி, நடுத்தர அடி, ஓங்கிய அடி என்று மூன்று. முதல் தடவை பதிவானதில் போரிக் பவுடர் அதிகம் தூவியிருந்ததால் காய் உரசும் சத்தமே கேட்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி எடுக்கவேண்டியிருந்தது.

தமிழ் எழுத்துரு ஒரு டிடிபி கடையிலிருந்து வந்தது. உரிமம் யாருக்கும் தெரியாது. அதை எறிந்துவிட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் சேர்த்தார்கள். அது எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸ் 1.1-இல் வருகிறது. குழுவின் பயன்பாட்டுக்கு முக்கியமான நிபந்தனை, எழுத்துருக் கோப்போடு அந்த உரிம உரையையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்பது; பலர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

## பழைய வரலாற்றை என்ன செய்வது

கிட் என்பது கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் "கமிட்" என்ற பதிவாகச் சேர்த்து வைக்கும் கருவி. அதன் களஞ்சியத்தில் ஒரு கோப்பை அழித்தால் அது இன்றைய நிலையிலிருந்துதான் போகும். பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். பழைய கமிட்களில் ஒரு டேட்டாபேஸ் சேவையின் சாவி (கடவுச்சொல் போன்றது), திரைப்பாட்டுத் துண்டு ஒன்று, அந்த டிடிபி எழுத்துரு மூன்றும் கிடந்தன.

முதலில் சாவியை ரத்து செய்து புதிது எடுத்தார்கள். இந்த வரிசை முக்கியம். வரலாற்றை எவ்வளவு சுத்தம் செய்தாலும், ஏற்கெனவே வெளியே போன சாவியை உயிரோடு விட்டால் பயனில்லை. பிறகு, கிட் ஃபில்டர்-ரெப்போ கருவியால் அந்தக் கோப்புகளை மட்டும் வரலாற்றிலிருந்து நீக்குவதா, புதுக் களஞ்சியத்தில் ஒரே கமிட்டாகத் தொடங்குவதா என்ற கேள்வி. வேறு என்னென்ன ஒளிந்திருக்கிறதோ என்ற பயத்தில் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். யார் எதை எழுதினார்கள் என்ற பதிவு போய்விடும் என்பதால் எழுதியவர்கள் பட்டியல் ஒன்றைத் தனிக் கோப்பாக வைத்தார்கள். இந்த முடிவுக்கான விலை பின்னால் தெரிந்தது.

## உரிமம்

எம்ஐடி, அப்பாச்சி 2.0, எம்பிஎல் 2.0, ஜிபிஎல் என்ற நான்கு திறமூல உரிமங்களையும் பார்த்தார்கள். பிரவுசர் ஆட்டத்தில் ஃப்ரேம்வொர்க்கும் ஆட்டத்தின் கோடும் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டு ஆடுபவரின் போனுக்குப் போகிறது. ஜிபிஎல் என்றால் ஆட்டம் முழுவதையும் அதே உரிமத்தில் திறக்கவேண்டிவரும். முதல் ஆட்டத்தை விற்றுப் பார்க்க நினைக்கும் மாணவர் அங்கேயே விலகிவிடுவார். எம்ஐடி தேர்வானது. கோடைச் சுருக்கும் கருவிகள் கமென்ட்களை (கோடில் மனிதருக்காக எழுதும் குறிப்புகளை) அழித்துவிடும்; எம்ஐடி கேட்பதோ பதிப்புரிமை அறிவிப்பு உடன்வர வேண்டும் என்பது. அதனால் தொடக்கக் கமென்ட்டில் ஆச்சரியக்குறி சேர்த்து எழுதினார்கள். பெரும்பாலான கருவிகள் அப்படிப்பட்ட கமென்ட்டை விட்டுவைக்கும்.

செயலாளருக்கு ஒரு மனக்குறை. பணம் கட்டி ஆடும் ஆட்டத்துக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது என்று உரிமத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அவர் தெருவில் அந்த ஆட்டங்களில் காசை விட்டவர்களை அவருக்குத் தெரியும். ஆனால் ஓப்பன் சோர்ஸ் வரையறையின் ஆறாவது விதி, எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் உரிமம் தடுக்கக்கூடாது என்கிறது. அந்த வரியைச் சேர்த்தால் அது எம்ஐடியும் அல்ல, திறமூலமும் அல்ல. ஒவ்வொருவரும் வக்கீலிடம் காட்டிப் படிக்கவேண்டிய புது உரிமம். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்தியச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் செய்யும் வேலையை உரிமத்தின்மேல் ஏற்ற வேண்டாம் என்று குழு முடிவெடுத்தது. ஆவணத்தின் முதல் பக்கத்தில், "காசு வைத்து ஆடும் ஆட்டத்துக்கு எங்களிடம் உதவி கேட்காதீர்கள்" என்ற வரி இருக்கிறது. அது உரிமம் அல்ல, வேண்டுகோள்.

## பொது ஆளுக்குக் கொடுக்குமுன் உடைந்தவை

சொந்த ஆட்டத்தில் மறைந்திருந்த பிழைகள் மற்றவர் கைக்குப் போகும்போது வெளியே வரும் என்று தெரிந்ததால், பர்மா பஜாரில் இரண்டு பழைய போன்கள் வாங்கிச் சோதித்தார்கள். சங்கத்துக்கு வருபவர்களின் போன்களும் கிடைத்தன. மூன்று பிழைகள் பதிவு செய்யத் தக்கவை.

முதலாவது, உராய்வு. 120 ஹெர்ட்ஸ் திரையுள்ள, அதாவது விநாடிக்கு 120 முறை திரையைப் புதுப்பிக்கும், ஒரு போனில் மட்டும் காய் பாதி தூரத்தில் நின்றது. "இந்த போன்ல அடி வீக்கா இருக்கு" என்றே எல்லோரும் சொன்னார்கள். காரணம் போன் அல்ல. நகரும் தூரத்தை நேரத்தால் பெருக்கியிருந்தார்கள். உராய்வை மட்டும் ஃப்ரேமுக்கு (திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவைக்கும்) ஒரு முறை வேகத்தை 0.98-ஆல் பெருக்கி விட்டிருந்தார்கள். 60 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 60 முறை குறைய வேண்டிய வேகம் 120 ஹெர்ட்ஸில் 120 முறை குறைந்தது. கணக்குப் போட்டால் மொத்தத் தூரம் சரியாகப் பாதி. அதோடு, கேரம் காய் சறுக்கும்போது வேகம் சதவீதத்தில் குறைவதில்லை, ஒரே அளவில் குறைகிறது. 0.98 முறையில் காய் கடைசியில் ஊர்ந்து ஊர்ந்து நின்றது, செயலாளர் "போர்டு ஈரமா இருக்கா?" என்று கேட்டது அதைப் பார்த்துத்தான். நிலையான வேகக் குறைப்புக்கு மாற்றினார்கள்.

இரண்டாவது, மோதல். விதிப்படி ஸ்ட்ரைக்கரின் விட்டம் அதிகபட்சம் 4.13 செ.மீ., காய் 3.18 செ.மீ. இரண்டின் ஆரங்களையும் கூட்டினால் சுமார் 3.66 செ.மீ.; மையங்கள் அதைவிட நெருங்கினால் மோதல். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகும் ஸ்ட்ரைக்கர், விநாடிக்கு 60 படி என்றால் ஒரு படிக்கு 5 செ.மீ. தாவும். முந்தைய படியில் தொடாமல் இருந்தது, அடுத்த படியில் காயின் மையத்தைத் தாண்டி நிற்கக்கூடும். மோதல் கணக்கு, இரண்டையும் விலக்குகிறேன் என்று காயைப் பின்னால் தள்ளும். நேராக அடித்த காய் அடித்தவரை நோக்கியே வந்தது இதனால்தான். ஓரத்தில் உரசும் கட் ஷாட்கள் சில நேரம் படவே இல்லை.

தீர்வு, இயற்பியலைத் திரையிலிருந்து பிரிப்பது. விநாடிக்கு 240 படி என்று நிலையாக வைத்தார்கள். ஒரு படிக்கு 1.25 செ.மீ. மட்டும். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஃப்ரேமுக்கு 4 படி, 120-க்கு 2. 90 ஹெர்ட்ஸ் போனில் 2, 3 என்று மாறி மாறி வரும் என்பதால், வரையும்போது முந்தைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் நடுவே இடம் கணக்கிட்டு வரையவேண்டும். இல்லாவிட்டால் காய் நடுங்குவது போலத் தெரியும். ஸ்ட்ரைக்கரோடு 20 வட்டங்கள், 190 ஜோடிகள், ஃப்ரேமுக்கு 4 படி என்றால் 760 சோதனை. பழைய போனுக்கும் இது ஒரு சுமையே அல்ல. வேறு டேபுக்குப் போய்த் திரும்பினால் சேர்ந்துபோன நேரத்தை எல்லாம் ஒரே மூச்சில் ஓட்ட முயன்று ஆட்டம் உறையும். அதைத் தடுக்க ஒரு ஃப்ரேமில் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குக் கால் விநாடி உச்சவரம்பு.

மூன்றாவது, தமிழ். முதலில் எழுத்துகளைப் படமாக அடுக்கி, குறியீடு வாரியாக எடுத்து வரையும் பிட்மேப் எழுத்துரு வைத்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். யூனிகோடில் "செ" என்பது ச-வும் அதன்பின் கொம்புக்குறியும். குறியீட்டு வரிசையிலேயே வரைந்தால் கொம்பு ச-வுக்கு வலப்பக்கம் போய் நிற்கிறது. "வடசென்னை" என்ற சொல்லில் எழுத்து ஐந்து, குறியீடு எட்டு. பிரவுசரே எழுத்தை இணைத்து எழுதினாலும், உரையாடல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சாகி வருவது போன்ற காட்சியில் அது எட்டு முறை மாறியது: "செ" வரும்போது முதலில் ச, பிறகு அதன் இடப்பக்கத்தில் திடீரென்று கொம்பு முளைத்து, எழுத்து வலப்பக்கம் தள்ளப்பட்டது.

முழு வரியையும் மறைவான கேன்வாஸில் பிரவுசரையே எழுதச்செய்து, அதைப் படமாகச் சேமித்து ஒட்டுவது என்று மாற்றினார்கள். எழுத்து இணைவதைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு நொடியும் மாறும் ஸ்கோரை இப்படி எழுதினால் படங்கள் குவிந்து நினைவகம் நிறையும். எனவே எண்களுக்கு மட்டும் பழைய பிட்மேப் முறை. தட்டச்சுக் காட்சிக்கு, பிரவுசரிலேயே உள்ள இன்டல் செக்மென்டர் வழியாக எழுத்துப் பிரிப்பு. ஃபயர்ஃபாக்ஸில் அது 2024-இல் வந்த 125-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தையவற்றுக்கு, துணைக்குறிகளை முன் எழுத்தோடு சேர்க்கும் சிறு ஒழுங்குக்கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) போதும். க்ஷ, ஸ்ரீ இரண்டு துண்டாக வரும், விட்டுவிட்டார்கள். எழுத்துரு முழுதாக இறங்கும்வரை காத்திருந்தே முதல் வரியை வரைய வேண்டும் என்பதும் இங்கே சேர்ந்தது. இல்லாவிட்டால் வேறு எழுத்துருவில் எழுதிய படமே கடைசிவரை நிற்கும்.

## வெளியிட்ட இரவு

ஒரு கல்லூரியில் மறுநாள் காலை பயிற்சி வகுப்பு. முந்தைய இரவு பத்து மணிக்கு 1.0.0 என்ற எண்ணில் என்பிஎம்மில் ஏற்றினார்கள். காலியான ஒரு கோப்புறையில் நிறுவிப் பார்த்தபோது, முதல் வரியிலேயே பிழை: கோப்பு இல்லை.

கட்டிமுடித்த கோப்புகள் இருக்கும் "டிஸ்ட்" கோப்புறை கிட்இக்னோர் பட்டியலில், அதாவது கிட் சேர்க்கவேண்டாத கோப்புகளின் பட்டியலில், இருந்தது. பொட்டலத்தின் விவரக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில் எந்தக் கோப்புகள் போகவேண்டும் என்ற பட்டியல் இல்லை. என்பிஎம்இக்னோர் கோப்பும் இல்லை. அந்த நிலையில் என்பிஎம், கிட்இக்னோரையே எடுத்துக்கொள்ளும். எனவே மூலக் கோடு போனது, ஓடவேண்டிய கோப்பு போகவில்லை. "என்பிஎம் பேக்" கட்டளையை டிரை ரன் என்ற ஒத்திகை முறையில் ஒரு தடவை ஓட்டியிருந்தால் போகப்போகும் கோப்புகளின் பட்டியல் திரையில் வந்திருக்கும்.

பிழையைவிட, அதன்மேல் எடுத்த முடிவுதான் வினையானது. வெளியிட்டு 72 மணி நேரத்துக்குள் திரும்பப் பெறலாம் என்ற விதி தெரிந்திருந்ததால், பொட்டலத்தை முழுவதுமாக நீக்கிவிட்டு அதே 1.0.0-ஐத் திரும்ப ஏற்ற முயன்றார்கள். மறுக்கப்பட்டது. ஒருமுறை பயன்படுத்திய பெயர்-எண் சேர்க்கையை என்பிஎம் மறுபடி தராது. அதோடு, எல்லாப் பதிப்புகளையும் நீக்கிய பொட்டலத்தின் பெயரில் 24 மணி நேரத்துக்கு எந்த எண்ணிலும் ஏற்ற முடியாது. நோட்டில் தவறாக இடப்பக்கம் எழுதிய முதல் உருப்படியான வெர்ஷன் நம்பர் வலப்பக்கத்தைச் சேர்ந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. செய்திருக்கவேண்டியது, 1.0.0-ஐப் பயன்படுத்த வேண்டாம் என்று குறியிட்டுவிட்டு 1.0.1-ஐ உடனே ஏற்றுவது. இரண்டு நிமிட வேலை.

## கல்லூரி லேபில்

மறுநாள் வகுப்புக்கு ஃப்ரேம்வொர்க்கைப் பென்டிரைவில் கொண்டுபோனார்கள். அது நல்லதாகவே முடிந்தது: லேபில் இணையம் ப்ராக்ஸி வழியாக மட்டும், என்பிஎம் நிறுவல் எப்படியும் ஓடியிருக்காது.

எச்டிஎம்எல் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தவர்களுக்கு வெள்ளைத் திரை. கோப்பிலிருந்து நேரடியாகத் திறந்தால் பிரவுசர் ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களை ஏற்றாது. எனவே ஒரு லேப்டாப்பில் பைத்தான் எச்டிடிபி சர்வரை 8000-ஆம் போர்ட்டில் ஓட்டி, மற்றவர்களை அதன் ஐபி முகவரிக்கு வரச்சொன்னார்கள். லேப்டாப்பில் ஆட்டம் ஓடியது. மற்ற எல்லாக் கணினியிலும் மறுபடி வெள்ளைத் திரை.

கால் மணி நேரம் கழித்துப் பிடிபட்ட காரணம்: இணையம் இல்லாமலும் ஆட்டம் ஓட ஃப்ரேம்வொர்க் ஒரு சர்வீஸ் வொர்க்கரைப் பதிவு செய்கிறது. பிரவுசர் அதைப் பாதுகாப்பான முகவரியில் மட்டும் தரும். லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே கணினியின் முகவரி, பாதுகாப்பானதாகக் கருதப்படும். பூட்டில்லாத எச்டிடிபியில் 192.168 என்று தொடங்கும் முகவரி கருதப்படாது. அங்கே அந்த வசதியே இல்லாததால், அதைக் கூப்பிட்ட வரியில் கோடு நின்றுவிட்டது. முதலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடும் ஒரே வரி போதுமானதாக இருந்தது. எழுதியவர்கள் எல்லோரும் லோக்கல்ஹோஸ்ட்டிலேயே சோதித்ததால் இது இதுவரை தெரியவில்லை.

## தொடர்ந்தவை

1.0.1 வெளியானபின் வந்த முதல் புகார் ஒரு மாணவரிடமிருந்து: "ண்ணா, கேம் ஓடுது, சவுண்டு மட்டும் வரல." இரண்டு தனித்தனிக் காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்ததால் இதற்கு நாள் பிடித்தது.

ஒன்று, தொடுவதற்குமுன் ஒலிக்கவிடாத பிரவுசர் விதி. பக்கம் திறந்தவுடன் உருவாக்கிய ஒலிச் சூழல் உறங்கிய நிலையிலேயே இருக்கும். ஆடுபவர் முதலில் திரையைத் தொட்ட அந்தச் செயலுக்குள்ளேயே அதை எழுப்பவேண்டும். இதைச் சரிசெய்தும், கட்டிமுடித்த பதிப்பில் ஒலி இல்லை. எழுதும்போது ஓட்டும் பதிப்பில் இருந்தது. பேக்கேஜ்.ஜேசனில் "பக்கவிளைவு இல்லை" என்று குறித்திருந்தார்கள். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவி, பயன்படாத கோடை வெட்டி எறிய அது உதவும். ஆனால் ஒலிப் பகுதியோ, இறக்குமதி செய்தவுடன் தன்னைத்தானே எஞ்சினில் பதிந்துகொள்ளும் வகையில் எழுதப்பட்டிருந்தது. அதிலிருந்து எந்தப் பெயரையும் யாரும் நேராகக் கூப்பிடாததால், கருவி அதை முழுதாக வெட்டிவிட்டது. ஒலியை ஆட்டம் தொடங்கும்போது கையால் சேர்க்கும் முறைக்கு மாற்றினார்கள்.

அந்த மாற்றத்தோடு சில ஃபங்ஷன் பெயர்களையும் திருத்தி 1.1.0 என்று விட்டார்கள். 1.0.1-ஐ வைத்திருந்த மாணவர்களின் ஆட்டங்கள் அடுத்த நிறுவலில் உடைந்தன. என்பிஎம் பதிப்பு எண்ணுக்கு முன்னால் தானாக எழுதும் கூரைக்குறி (^), 2.0.0-க்குக் கீழே அதைவிடப் புதிய எதையும் ஏற்கும். நோட்டின் இரண்டாவது தவறான உருப்படி இது. பழைய பெயர்களையும் எச்சரிக்கையோடு சேர்த்து 1.1.1 வந்தது.

விண்டோஸில் சரியாக ஓடிய ஆட்டம், இணையத்தில் ஏற்றியபின் போர்டு இல்லாமல் வெறும் காய்களோடு நின்றது இன்னொரு நிகழ்வு. கோப்பின் பின்னொட்டு பெரிய எழுத்தில், கோடில் சிறிய எழுத்தில். விண்டோஸ் பொருட்படுத்தாது; லினக்ஸ் சர்வர் பொருட்படுத்தும். இப்போது படம் கிடைக்காவிட்டால் ஃப்ரேம்வொர்க் அதன் பெயரைத் திரையிலேயே தமிழில் காட்டி, பெரிய எழுத்து, சிறிய எழுத்தைச் சரிபார்க்கச் சொல்கிறது. பிரவுசரின் பிழைச்செய்திகள் வரும் கன்சோலைத் திறந்து பார்க்கும் பழக்கம் புதியவர்களுக்குக் கிடையாது.

வெளியிலிருந்து வந்த முதல் பங்களிப்பு, உயர்தரத் திரைகளில் வேகத்தைக் கூட்டியது. திரையடர்த்தி 3 உள்ள போனில் ஒன்பது மடங்கு பிக்சல் வரைந்துகொண்டிருந்ததை, 2-க்கு மேல் போகாமல் வெட்டினால் நான்கு மடங்குதான். உடனே சேர்க்கப்பட்டது. இரண்டாவது பங்களிப்பு, கேள்வி-பதில் தளம் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்த கோடு. அந்தத் தளத்தின் உரிமம் அதே உரிமத்தில் பகிரவேண்டும் என்று கேட்பது. எம்ஐடிக்குள் அதை வைக்க முடியாது. அனுப்பியவர் தானே திரும்ப எழுதித் தந்தார். அதன்பின் ஒவ்வொரு கமிட்டிலும், இது என் சொந்தக் கோடு அல்லது கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறும் "சைன்ட் ஆஃப்" வரியைக் கேட்கிறார்கள்.

## மாற்றிச் செய்யக்கூடியவை

0.1.0-இலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். 0.1.0-க்குக் கூரைக்குறி போட்டால் 0.2.0-ஐ எடுக்காது; பெயர் மாற்றங்களை 0.2.0 என்று விட்டிருந்தால் யாருடைய ஆட்டமும் உடைந்திருக்காது. 1 என்ற எண் மீதான ஆசையைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்கவில்லை.

வரலாற்றை முழுதாகத் துறந்தது பயத்தில் எடுத்த முடிவு. பின்னால் தொடுதிரையில் ஒரு பழுது வந்தபோது, எந்த மாற்றத்தில் அது நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேட வழியில்லை. மொத்தமும் ஒரே கமிட். ஃபில்டர்-ரெப்போவில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தால் அது கிடைத்திருக்கும். உரிமைக் கேள்விகளை மட்டும் குழு சரியான வரிசையில், சரியான நேரம் கொடுத்து முடித்தது. அதில் மாற்ற ஒன்றுமில்லை.

ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் இப்போது நான்கு சோதனை: டிரை ரன் பட்டியல், அந்தப் பொட்டலத்தைக் காலிக் கோப்புறையில் நிறுவிக் கட்டிப் பார்ப்பது, இன்னொரு கணினியிலிருந்து ஐபி முகவரியில் திறப்பது, பர்மா பஜார் போனில் ஒலியோடு ஓட்டுவது.

என்பிஎம் கணக்கு ஓஎம்ஆர் புரோகிராமர் ஒருவரிடமே இருந்தது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அவர் போனில். அவர் நைட் ஷிஃப்டில் இருந்த வாரத்தில் 1.1.1 இரண்டு நாள் காத்திருந்தது. இப்போது ஃப்ரீலான்ஸ் புரோகிராமருக்கும் வெளியிடும் அனுமதி உண்டு. கணக்கின் மீட்புக் குறியீடுகளை அச்சிட்ட தாள், சங்கத்தின் பூட்டிய பீரோவில், அந்தக் கணக்கு நோட்டுக்குள் வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.